தள்ளுபடி லேப்டாப்பில் லினக்ஸ்: வாங்குமுன் கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப் விலை சும்மா குறையாது. குறைந்த காரணம் விண்டோஸ் சம்பந்தப்பட்டது என்றால், அதற்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுபவருக்கு லாபம். காரணம் வன்பொருளில் இருந்தால் அந்த வம்பு வாங்கியவர் தலையில்தான் வந்து விடியும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழிகள். சென்னை ரிட்சி தெரு மாதிரியான செகண்ட் ஹேண்ட் கடைகளையும், ஆன்லைன் பண்டிகைக் கால விற்பனையையும் மனதில் வைத்து எழுதியது.

பழைய ஆபீஸ் லேப்டாப்கள் இப்போது ஏன் இவ்வளவு மலிவு?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால், மைக்ரோசாஃப்ட்டின் பட்டியல்படி, இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஆகவே 6, 7-ஆம் தலைமுறை லேப்டாப்களை நிறுவனங்கள் மொத்தமாகக் கழித்துக்கட்டுகின்றன. 8-ஆம் தலைமுறையும் குத்தகை முடிந்து, வயதின் காரணமாக வெளியே வருகிறது. லினக்ஸுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. 2016-ல் வந்த லேப்டாப்பிலும் இன்றைய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அலட்டிக்கொள்ளாமல் ஓடும்.

ஐ7 என்கிறார் கடைக்காரர். ஐ5-ஐ விட அது நல்லதுதானே?

ஐ7 என்று மட்டும் சொன்னால் எதுவும் தெரியாது. கோடுக்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ7-5600யூ என்பது 5-ஆம் தலைமுறை, இரண்டே கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). ஐ5-8250யூ என்பது 8-ஆம் தலைமுறை, நான்கு கோர். பின்னதுதான் வேகம். மெல்லிய லேப்டாப்களில் வரும் யூ வகை பிராசசர்கள் 7-ஆம் தலைமுறை வரை இரண்டு கோரோடு நின்றுவிட்டு, 8-ல் நான்காகத் தாவின. விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் அந்தத் தாவலுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவது நல்லது.

6-க்கும் 7-க்கும் நடுவே இன்னொரு சிறு வேறுபாடு உண்டு. யூடியூப் அதிகம் பயன்படுத்தும் விபி9 வடிவ வீடியோவை முழுமையாக கிராபிக்ஸ் சிப்பிலேயே பிரித்துக் காட்டும் வசதி 7-ல்தான் வந்தது. 6-ல் பிராசசர் உழைக்க வேண்டும்; ஃபேன் கத்தும்.

ஏஎம்டியில் பார்ப்பதானால் ரைசன் 4000 வரிசையிலிருந்து தொடங்குங்கள். ரைசன் 5 புரோ 4650யூ ஆறு கோர். இருக்கிற பழையதில் நல்ல பேரம். ஆரம்பகால ரைசன் 2500யூ லேப்டாப்கள் சிலவற்றில் லினக்ஸ் உறைந்துபோகும் தொல்லை நெடுநாள் இருந்தது. அதைத் தேடிப்போய் வாங்க வேண்டியதில்லை.

கையில் 25,000 ரூபாய்தான். புதியதா, பழைய ஆபீஸ் லேப்டாப்பா?

பழைய ஆபீஸ் லேப்டாப். அந்தத் தொகைக்குள் கிடைக்கும் புதியவற்றில் எதை வெட்டி விலையைக் குறைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மதர்போர்டிலேயே ஒட்டிய 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (போர்டில் ஒட்டிய, மெதுவான சேமிப்பகம்), செலரான் பிராசசர், மங்கலான 1366×768 திரை. இவற்றில் ஒன்றைக்கூடப் பிறகு சரிசெய்ய முடியாது, அல்லது செய்தால் கட்டுப்படியாகாது. பெரும்பாலான ஆபீஸ் லேப்டாப்களில் ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, வைஃபை கார்டு, கீபோர்டு என எல்லாம் ஸ்க்ரூ கழற்றி மாற்றக்கூடியவை. பழுதுபார்க்கும் கையேட்டைத் தயாரிப்பாளரே இலவசமாகக் கொடுக்கிறார். பாகங்களும் ரிட்சி தெருவில் கிடைக்கும்.

ஆனால் லேப்டாப்பின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை இங்கே அடிக்கடி நடக்கும். பேட்டரி செத்திருந்தால் அதன் விலை, ஒரிஜினல் சார்ஜர் இல்லையென்றால் அதன் விலை, 8 ஜிபியை 16 ஆக்கும் செலவு என எல்லாவற்றையும் கூட்டிய பிறகு வரும் தொகைதான் உண்மையான விலை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எக்கச்சக்கமாக ஏறியிருப்பதால், ‘8 ஜிபி வாங்கிப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்’ என்ற பழைய ஆலோசனை இப்போது எடுபடாது. 16 ஜிபியோடு வருவதையே தேடுங்கள்.

ஏ கிரேடு, பி கிரேடு என்பதெல்லாம் பெரும்பாலும் உடலில் உள்ள கீறலுக்கு விற்பவர் தாமே போடும் மார்க். பேட்டரியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

எந்த மாடல்களைப் பார்க்கலாம்?

லெனோவோ திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிட்யூட் 5000, 7000 வரிசைகள், எச்பி எலீட்புக் 800 வரிசை. 8-ஆம் தலைமுறையில் திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 5490, 7490, எலீட்புக் 840 ஜி5 ஆகிய நான்கிலும் இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு.

பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் உள்ளே வேறாக இருக்கும். டி480எஸ்-ல் ஒரு பகுதி ரேம் ஒட்டியது, ஒரு ஸ்லாட் காலி. டி490-ம் டி14 முதல் தலைமுறையும் அப்படியே. எக்ஸ்280, எக்ஸ்1 கார்பன் இரண்டிலும் எல்லா ரேமும் ஒட்டியது. 8 ஜிபி எக்ஸ்1 கார்பன் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைசிவரை 8 ஜிபிதான். லெனோவோ மாடல்களின் முழு விவரத்தையும் பிஎஸ்ரெஃப் என்ற அவர்களுடைய பட்டியலில் பார்க்கலாம். டெல்லில் அடியில் உள்ள சர்வீஸ் டேக்கை அவர்கள் தளத்தில் அடித்தால், ஆலையிலிருந்து என்னென்ன பாகங்களோடு வந்தது என்பது வரை காட்டும்.

லினக்ஸ்காரர்கள் எல்லோரும் டி480, டி480 என்கிறார்களே, அதில் குறையே இல்லையா?

அதைச் சொல்வதற்குக் காரணம் பேட்டரி. உள்ளே 24 வாட்-ஹவர் பேட்டரி ஒன்று, பின்னால் கழற்றி மாட்டுவது ஒன்று. பின்னது 24, 48 அல்லது 72 வாட்-ஹவரில் வரும். உள்ளே ஒன்று இருப்பதால், லேப்டாப்பை அணைக்காமலே வெளிப் பேட்டரியை மாற்றலாம். இதற்குப் பிறகு வந்த டி490-ல் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

குறைகள் உண்டு. முதலாவது தண்டர்போல்ட் (யூஎஸ்பி-சி வடிவில் உள்ள அதிவேக போர்ட்). ஆரம்பத்தில் வந்த ஃபர்ம்வேரில் (வன்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்ட மென்பொருள்) இருந்த தவறால், நாளாவட்டத்தில் தண்டர்போல்ட் சிப் கெட்டு, அந்த போர்ட்டில் வெளித்திரை வராமல் போவது, சார்ஜ் ஏறாமல் போவது எல்லாம் நடந்தது. லெனோவோ திருத்தம் வெளியிட்டது. ஆனால் ஐடி ஆட்கள் எல்லா லேப்டாப்பிலும் அதைப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. இடப்பக்கம் இரண்டு யூஎஸ்பி-சி துளைகள் இருக்கும். சார்ஜரை இரண்டிலும் மாறி மாறிச் செருகிப் பாருங்கள். ஒன்றில் ஏறவில்லை என்றால் வேறு லேப்டாப் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது திரை. அடிமட்ட டி480 1366×768 திரையோடு வந்தது. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் நிறம் தலைகீழாகும். முழு எச்டி ஐபிஎஸ் திரைக்குப் பிறகு மாற்ற முடியும் என்றாலும் செலவு கூடுதல். வாங்கும்போதே அதைக் கேட்பது எளிது.

மூன்றாவது, விலை மலிவான டூப்ளிகேட் பேட்டரிகள். திங்க்பேட்டுகள் பேட்டரியின் அடையாளத்தைச் சரிபார்க்கும். பிடிக்காத பேட்டரியைப் போட்டால் ஆதரவில்லாத பேட்டரி என்று செய்தி காட்டிவிட்டு, சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும்.

கடையில் நின்றபடியே எப்படிச் சோதிப்பது?

8 ஜிபி பென்டிரைவில் உபுண்டு 24.04 (லினக்ஸின் ஒரு வகை) எழுதி எடுத்துப் போங்கள். செக்யூர் பூட் (அங்கீகரித்த மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தாலும் அது பூட் ஆகும். ‘போட்டுப் பார்க்க விடமாட்டோம்’ என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டாம். இருபது நிமிடம் போதும், வரிசையும் முக்கியம்.

1. லேப்டாப் அணைந்திருக்கட்டும். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் மட்டும் ஆன் செய்யுங்கள். எடுத்த எடுப்பிலேயே செத்த பேட்டரி தெரிந்துவிடும்.

2. பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்பு மெனு) போங்கள். திங்க்பேட்டில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உள்ளே சீரியல் எண்ணையும், அடியில் ஒட்டிய எண்ணையும் ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் மதர்போர்டு அல்லது அடிப்பாகம் மாற்றியது. டெல்லில் பேட்டரி நிலையை பயாஸே சொல்லும்.

3. பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். லெனோவோ, டெல் இரண்டிலும் எஃப்12, எச்பியில் எஃப்9. நிறுவாமல் முயற்சிக்கும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்கள்.

4. உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வைஃபையில் இணையுங்கள். இணைந்தால் பாதி வேலை முடிந்தது.

5. யூடியூபில் 1080 வீடியோ ஒன்றை ஓடவிட்டு, மற்ற சோதனைகளைத் தொடருங்கள். பத்து நிமிடத்தில் ஸ்பீக்கர், ஃபேன் சத்தம், சூடு மூன்றும் தெரியும். ஃபேன் கரகரவென்றால் தூசி அல்லது தேய்ந்த பேரிங்.

6. ஒரு எடிட்டரைத் திறந்து ஒவ்வொரு கீயையும் அழுத்துங்கள். திங்க்பேட் என்றால் நடுவிலிருக்கும் சிவப்புப் புள்ளியையும் அதன் மூன்று பட்டன்களையும் சேர்த்து.

7. முழு வெள்ளைப் படம், பிறகு முழுக் கறுப்புப் படம். வெள்ளையில் மூட்டம் போல வெளிறிய வட்டங்கள் தெரிந்தால் மூடியின் மேல் எடை ஏறியிருக்கிறது.

8. எல்லா யூஎஸ்பி துளைகளிலும் பென்டிரைவ். எச்டிஎம்ஐ-யில் கடையின் மானிட்டர். கேமரா, மைக், ஹெட்போன்.

9. மூடியை மூடி இரண்டு நிமிடம் கழித்துத் திறங்கள். உடனே எழுந்து, வைஃபையும் திரும்ப இணைய வேண்டும்.

மூடியைத் திறக்கும்போது கீல் பகுதியில் பிளாஸ்டிக் விரிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டச்பேட் மேலே எழும்பி இருந்தால், அல்லது லேப்டாப் மேசையில் சமமாக உட்காராமல் ஆடினால், உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அதை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதைத் துல்லியமாகப் பார்க்க முடியுமா?

முடியும். டெர்மினலில் யூபவர் கட்டளையை ஹைபன், சின்ன டி சேர்த்து அடித்தால் இரண்டு எண்கள் வரும். புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு கொள்ளும். 72-க்கு 50 என்றால் 70 சதவீதம். பழைய லேப்டாப்புக்கு நல்ல நிலை. பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். பல வருட லேப்டாப்பில் 100 சதவீதம் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். புதிதாக மாற்றியதாக இருக்கலாம், எண்ணைத் திருத்திய டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு கால் மணி நேரத்தில் எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்கள். அது பொய் சொல்லாது.

எஸ்எஸ்டியின் வயது?

ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பைப் போட்டு (லைவ் உபுண்டுவிலும் போன் இணையத்தில் நிறுவலாம்) ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டினால் விவரம் வரும். என்விஎம்இ (வேகமான புதிய வகை எஸ்எஸ்டி) வகையில் பர்சென்டேஜ் யூஸ்ட் என்ற வரிதான் முக்கியம். எழுதும் ஆயுளில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதை அது சொல்கிறது. டேட்டா யூனிட்ஸ் ரிட்டன் என்ற வரியில் ஒரு யூனிட் என்பது 5,12,000 பைட். 2 கோடி யூனிட் என்றால் சுமார் 10 டிபி எழுதியிருக்கிறது. ஆபீஸ் பயன்பாட்டுக்கு அது மிகக் குறைவு. மீடியா எரர்ஸ் பூஜ்யமாக இருக்க வேண்டும். பெயர் தெரியாத கம்பெனி எஸ்எஸ்டி போட்டிருந்தால் அதை ஓசியாக வந்ததாக நினைத்து, முக்கியமான கோப்புகளுக்கு வேறு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸ் பாஸ்வேர்டு இருக்கிறது, ‘எடுத்துத் தருகிறோம்’ என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். திங்க்பேட்டின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மதர்போர்டில் உள்ள சிறிய சிமாஸ் பேட்டரியைக் கழற்றினால் போகாது. போர்டில் உள்ள சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அதை நீக்கும் கைவேலையில் போர்டே போகலாம். பாஸ்வேர்டு இல்லாவிட்டாலும், பயாஸில் செக்யூரிட்டி பகுதியில் அப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் (தொலைந்த லேப்டாப்பை நிறுவனம் தூரத்திலிருந்து கண்காணிக்கும் வசதி) என்று இருக்கும். அது ஆக்டிவேட் ஆன நிலையில் இருந்தால் பழைய நிறுவனம் அந்த லேப்டாப்பைத் தன் கணக்கிலிருந்து விடுவிக்கவில்லை என்று பொருள். அந்தக் கண்காணிப்பு மென்பொருள் விண்டோஸுக்குள் வேலை செய்வது, லினக்ஸில் தொந்தரவு தராமலும் போகலாம். ஆனால் திருட்டுப் பொருளாக இருக்கும் வாய்ப்பைக் கையில் வாங்க வேண்டியதில்லை. சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் கட்டாயம் கேளுங்கள்.

விண்டோஸ் நிறுவும்போது மட்டும் பழைய கம்பெனியின் பெயரோடு லாகின் கேட்கும் லேப்டாப்புகளும் வரும். அது ஆட்டோபைலட், நிறுவனங்கள் லேப்டாப்பைத் தங்கள் கணக்கில் பதிந்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் வசதி. லினக்ஸை அது தடுக்காது. இருந்தாலும் பில் இல்லாமல் எடுக்காதீர்கள்.

டெல் லேப்டாப் திடீரென்று ஆமை வேகத்தில் ஓடுகிறது. லினக்ஸ் கோளாறா?

பெரும்பாலும் சார்ஜர் கோளாறு. டெல்லின் உருண்டை முனை சார்ஜரில் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அதன் வழியாகத்தான் சார்ஜர் தன் வாட்டைச் சொல்கிறது. டூப்ளிகேட் சார்ஜர் அல்லது வளைந்த ஊசி என்றால் லேப்டாப்புக்கு வாட் தெரியாது. உடனே பேட்டரியை ஏற்றாமல், பிராசசரையும் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே பிடித்து வைத்துவிடும். சார்ஜரைக் கழற்றியதும் வேகம் வந்தால் குற்றவாளி அதுதான். லினக்ஸைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பயனில்லை. யூஎஸ்பி-சி போர்ட்டில் சார்ஜ் ஏறும் மாடலாக இருந்தால், 20 வோல்ட் தரும் 65 வாட் பவர் டெலிவரி (பிடி) வகை சார்ஜர் ஒன்று இந்தப் பஞ்சாயத்தையே தீர்த்துவிடும்.

வைஃபை கார்டில் எது நல்லது, எது தொல்லை?

இன்டெல் கார்டுகள் நல்லவை. 8265, ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 எல்லாம் போட்டவுடன் வேலை செய்யும். மீடியாடெக் எம்டி7921 கெர்னல் 5.12-லிருந்து ஓடும். ரியல்டெக் கலவை. ஆர்டிஎல்8821சிஇ பல வருடம் பேர் கெடுத்துக்கொண்ட கார்டு; பழைய கெர்னலில் வெளியிலிருந்து டிரைவர் கட்ட வேண்டும், ஒவ்வொரு அப்டேட்டிலும் அது உடையும். பிராட்காம் என்றால் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் மூடிய மூலநிரல் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும்.

கார்டு பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடலாம். எம்.2 2230 அளவு, ஒரே ஸ்க்ரூ, இரண்டு ஆன்டெனா ஒயர். அந்த ஒயர்களின் பித்தளை முனை மெல்லியது. நேர் மேலாகத் தூக்கி எடுக்க வேண்டும், நெம்பினால் பிய்ந்துவிடும். வாங்கும்போது எண்ணில் ஏமாறாதீர்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் அவற்றுக்கென்றே வடிவமைத்த இன்டெல் போர்டுகளில் மட்டும் ஓடும். ஏஎம்டி லேப்டாப்பிலோ பழைய இன்டெல்லிலோ செருகினால் இருப்பதாகவே தெரியாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 சாதாரண பிசிஐஇ; பொதுவாக எங்கும் ஓடும். 2014-க்கு முந்தைய சில திங்க்பேட், எச்பி லேப்டாப்கள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பூட் ஆகவே மறுக்கும்.

நிறுவும்போது வைஃபை இல்லாமல் மாட்டிக்கொண்டால், ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி ஒயரில் செருகி டெதரிங் (போனின் இணையத்தைப் பகிர்வது) போடுங்கள். லினக்ஸ் அதை லேன் கார்டு போல உடனே எடுத்துக்கொள்ளும்.

நிவிடியா கிராபிக்ஸ் இருந்தால் கூடுதல் நல்லதா?

கேம் அல்லது ‘கூடா’ (நிவிடியா சிப்பில் கணக்கீடு செய்யும் முறை) வேலை இல்லையென்றால் தலைவலிதான் கூடுதல். பழைய ஆபீஸ் லேப்டாப்களில் வரும் எம்எக்ஸ்130, எம்எக்ஸ்150 போன்றவை மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறை. நிவிடியாவின் 580 வரிசை டிரைவரோடு இவற்றுக்கான ஆதரவு முடிகிறது. அதன்பின் பழைய டிரைவரையே பிடித்துத் தொங்க வேண்டும். ஒரே மாடல் இன்டெல் கிராபிக்ஸ் மட்டும் உள்ளதாகவும் கிடைத்தால் அதை எடுங்கள். பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும்.

பண்டிகை விற்பனையில் டாஸ் என்று போட்டுப் புது லேப்டாப் வருகிறதே?

டாஸ் என்றால் விண்டோஸ் இல்லாமல் வருவது. விண்டோஸ் லைசென்ஸ் காசு மிச்சம், லினக்ஸுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் டாஸ் மாடல் என்பதற்காக லினக்ஸில் எல்லாம் ஓடும் என்று அர்த்தமில்லை. சந்தைக்கு வந்து ஒரு வருடமாவது ஆன மாடலாக எடுங்கள். அந்தப் பெயரோடு லினக்ஸ் என்று சேர்த்துத் தேடினால் என்ன ஓடும், என்ன ஓடாது என்று யாராவது எழுதியிருப்பார்கள். உபுண்டுவின் சான்றளிக்கப்பட்ட வன்பொருள் பட்டியலில் அதே மாடல் இருந்தால் கவலை குறைவு.

புதிய லேப்டாப்களில் மூன்று இடங்களில் இடிக்கும். ஒன்று, இன்ஸ்டாலர் டிஸ்க்கைக் காட்டாது. பயாஸில் ஸ்டோரேஜ் அமைப்பு ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கும். ஏஎச்சிஐ-க்கு மாற்றினால் தெரியும். விண்டோஸையும் வைத்துக்கொள்வதானால், மாற்றுவதற்கு முன் விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடில் பூட் ஆகும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் நீலத்திரை காட்டும். இரண்டு, கேமரா. 11-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய சில விலையுயர்ந்த மெல்லிய மாடல்களில் யூஎஸ்பி கேமராவுக்குப் பதில் ஐபியூ6 என்ற இன்டெல் அமைப்போடு சேர்ந்த கேமரா வருகிறது. லினக்ஸில் அதை ஓடவைப்பது சள்ளை. மூன்று, தூக்கம், அதற்குத் தனிக் கேள்வி கீழே.

விண்டோஸை அழித்தால் லைசென்ஸ் போய்விடுமா?

போகாது. விண்டோஸோடு வந்த லேப்டாப்களில் சாவி ஃபர்ம்வேரிலேயே எழுதப்பட்டிருக்கும். பின்னொரு நாள் அதே பதிப்பை நிறுவினால் தானாகவே ஆக்டிவேட் ஆகும். இரண்டையும் வைத்துக்கொள்பவர்கள் பயாஸைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைக்கவும். நாம் கேட்காமலே விண்டோஸ் 11 டிஸ்க்கைப் பூட்டியிருக்கும் லேப்டாப்கள் நிறைய.

குரோம்புக், பழைய மேக்புக், ஸ்னாப்டிராகன் லேப்டாப்?

இந்த மூன்றும் தள்ளுபடியில் ஆசை காட்டும். குரோம்புக்கில் ஃபர்ம்வேரையே மாற்ற வேண்டும், அதன்பின் ஒலி வராமல் திண்டாட வேண்டும். 2018 முதல் 2020 வரையிலான இன்டெல் மேக்புக்குகளில் டி2 சிப் இருப்பதால் தனிக் கெர்னல் இல்லாமல் கீபோர்டே ஓடாத மாடல்கள் உண்டு. எம்1, எம்2 மேக்குக்கு அசாஹி லினக்ஸ் நன்றாக வளர்ந்திருக்கிறது என்றாலும் முதல் லினக்ஸ் லேப்டாப்பாக அதை எடுக்க வேண்டாம். ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்புகளில் லினக்ஸ் இன்னும் முழுதாகக் கனியவில்லை. லினக்ஸ் லேப்டாப் விற்கும் ஜெர்மனியின் டக்ஸிடோ நிறுவனமே தன் ஸ்னாப்டிராகன் திட்டத்தை 2025-ல் கைவிட்டது.

அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப் வீட்டில் கிடக்கிறது. அதில் லினக்ஸ் ஓடுமா?

ஓடும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தில் கொடுத்தவற்றில், விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஆரம்ப லேப்டாப்களில் ரேம் குறைவு, சுழலும் ஹார்ட் டிஸ்க். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டு, ரேமை 4 ஜிபியாவது ஆக்கி, எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த டெஸ்க்டாப்போடு டெபியன் (இன்னொரு லினக்ஸ் வகை) நிறுவினால் எழுத, படிக்க, நிரல் பழகப் போதும். பிரவுசரில் ஐந்தாறு டேபுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வெளியே விற்பனைக்கு வரும் அரசு லேப்டாப்பை வாங்குவது வேறு விஷயம். அவை விற்பதற்காகக் கொடுத்தவை அல்ல.

எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை)?

முதல்முறை என்றால் லினக்ஸ் மின்ட் 22 அல்லது உபுண்டு 24.04. இரண்டுக்கும் 2029 வரை அப்டேட் உண்டு. டெபியன் 12-லிருந்து வைஃபை ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே வருவதால் பழைய பயம் இல்லை. இப்போதைய டெபியன் 13-ல் கெர்னல் 6.12. போன வருடம் வந்த புத்தம்புது லேப்டாப் என்றால் ஃபெடோரா, காரணம் கெர்னல் புதிதாக இருக்கும். 8 ஜிபி ரேமுக்கு எந்த டெஸ்க்டாப்பும் சரி. 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. நிறுவும்போதே டிஸ்க் என்கிரிப்ஷனை டிக் செய்யுங்கள், பிறகு சேர்ப்பது பெரும் வேலை.

மூடி வைத்தால் பையில் சூடாகிப் பேட்டரி தீர்ந்துபோகிறது. ஏன்?

பழைய லேப்டாப்கள் எஸ்3 என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். ரேமுக்கு மட்டும் மின்சாரம். சில வருடங்களாக வருபவை போன் மாதிரி அரைத் தூக்கம் தூங்குகின்றன. ஏதாவது ஒரு பாகம் விழித்திருந்தாலும் மொத்தமும் சூடாகும். டி480 காலத்து லேப்டாப்களில் எஸ்3 உண்டு, தொல்லை குறைவு. டி14 போன்ற இடைக்காலத் திங்க்பேட்டுகளில் பயாஸின் பவர் பகுதியில் ஸ்லீப் ஸ்டேட் என்று இருக்கும். விண்டோஸ் என்பதை லினக்ஸ் என்று மாற்றினால் எஸ்3 வந்துவிடும். எஸ்3-யே இல்லாத புது மாடல்களில் பயாஸை அப்டேட் செய்து பார்க்கலாம். சரியாகவில்லை என்றால் பையில் வைக்குமுன் முழுதாக அணைத்துவிடுவதுதான் வழி.

விரல்ரேகை ரீடர் ஓடவில்லையே?

பழைய லேப்டாப்களில் அதை எதிர்பார்க்காதீர்கள். டி480-ல் இருப்பதற்கு அதிகாரப்பூர்வ டிரைவர் கிடையாது. தன்னார்வலர்கள் எழுதிய பைதான்-வேலிடிட்டி இருக்கிறது, ஓடினால் அதிர்ஷ்டம். இதற்காக ஒரு நல்ல லேப்டாப்பை ஒதுக்க வேண்டாம்.

நிறுவிய முதல் நாள் செய்ய வேண்டியவை?

ஃபர்ம்வேர். எஃப்டபிள்யூயூபிடி என்ற கருவி உபுண்டு, மின்ட், ஃபெடோராவில் ஏற்கெனவே இருக்கும். திங்க்பேட், லாட்டிட்யூட் இரண்டுக்கும் பயாஸ் அப்டேட்டை அதுவே இறக்கிப் போடும். சார்ஜர் செருகியிருக்க வேண்டும், நடுவில் அணைக்கக் கூடாது. எச்பி எலீட்புக்கில் எஃப்10 மெனுவுக்குள்ளேயே இணையம் வழியாக பயாஸை அப்டேட் செய்யும் வசதி உண்டு. இதில் இன்னொரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. செக்யூர் பூட்டுக்கான மைக்ரோசாஃப்ட்டின் 2011 சான்றிதழின் காலம் 2026 ஜூனோடு முடிகிறது. ஏற்கெனவே நிறுவிய லினக்ஸ் நின்றுவிடாது. ஆனால் பின்னால் வரும் பூட் பாகங்கள் 2023 சாவியை எதிர்பார்க்கும். அப்டேட் கிடைக்காத பழைய லேப்டாப் என்றால் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு ஓட்டலாம்.

அடுத்தது பேட்டரி வரம்பு. எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப் என்றால் டிஎல்பி என்ற மின்சிக்கனத் தொகுப்பைப் போட்டு, 75-ல் ஏறத் தொடங்கி 80-ல் நிற்கும்படி அமையுங்கள். திங்க்பேட்டுகளில் இது சுத்தமாக வேலை செய்யும். உபுண்டு, ஃபெடோராவில் வரும் குனோம் டெஸ்க்டாப்பில் 48-ஆம் பதிப்பிலிருந்து செட்டிங்ஸிலேயே இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. டிஎல்பியும் டெஸ்க்டாப்போடு வரும் பவர் புரொஃபைல்ஸ் சேவையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒன்றை மட்டும் வையுங்கள்.

ஐந்தாறு வருட லேப்டாப்பில் பிராசசர் மேலிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். தூசி தட்டிப் புதுப் பேஸ்ட் வைத்தால் ஃபேன் அடங்கும். அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. டி480-ல் பயாஸிலேயே உள் பேட்டரியை முடக்கும் ஆப்ஷன் இருக்கிறது.

தமிழ் தட்டச்சு?

ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவி, ஒருமுறை லாக்அவுட் செய்து வந்தபின் கீபோர்டு அமைப்பில் தமிழைத் தேடினால் தமிழ்99, ஃபொனெடிக் எல்லாம் வரிசையாக வரும். தமிழ்நெட் 99 என்ற பெயரிலும் ஒன்று தெரியும். அதில் தமிழ்99-க்கே உரிய தானாகப் புள்ளி விழும் வசதி இருக்காது. பெயருக்குப் பக்கத்தில் எம்17என் என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். அதையும் நிறுவிவிட்டு பிரவுசரை ஒருமுறை மூடித் திறங்கள்.